வெறுங்காலுடன் கிளாஸ்கோவில்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றினுள் சிறிது நேரம் நின்று பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். கூழாய்க் கரைத்த களிமண்ணை அச்சில் வார்த்து, அச்சு நீரை உறிஞ்சியதும் பிரித்தெடுத்து, பிசிறு நீக்கி உலர்த்தி வைத்த பொம்மை, பார்வைக்கு எத்துணை அழகாயிருப்பினும், சூளையின் உக்கிரத்தைத் தாங்கி வெளிவரும் வரையில், நீர் பட்டால் மீண்டும் மண்ணாகவே கரைந்துவிடும். கால்பந்து ஆடுவதற்காகக் கடல் கடந்து சென்ற நம் நாட்டவரின் சரித்திரத்தை நினைக்கும்போதெல்லாம், எங்கள் ஊர்ப் பட்டறையில் சூளைக்காகக் காத்திருக்கும் அந்தப் பொம்மைகளே என் கண்முன் வந்து நிற்கின்றன.

அந்தச் சரித்திரத்தின் முதல் ஏடு கல்கத்தாவைச் சேர்ந்த முகமது சலீம் என்பவருடையது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்று கீர்த்தி பெற்ற முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில், வலப்புற ஓரத்தில் வெறுங்காலுடன் பந்தை உருட்டிச் சென்றவர் அவர். 1936-ஆம் ஆண்டில், தம் உறவினர் ஒருவரின் தூண்டுதலால் கப்பலேறி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்குச் சென்று, பிரசித்தி பெற்ற செல்டிக் கழகத்தின் வாயிலில் போய் நின்றார். பூட்ஸ் இன்றி ஆடும் ஒருவர், பூட்ஸ் அணிந்த ஸ்காட்லாந்து வீரர்களிடையே எவ்வாறு ஈடு கொடுப்பார் என்ற ஐயம் எழுந்தபோதிலும், மேலாளர் வில்லி மேலி அவருக்கு வாய்ப்பளித்தார்.

ஆகஸ்ட் 28 அன்று, கால்ஸ்டன் அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு முன்னர், செல்டிக்கின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து அமர்ந்து, சலீமின் வெறும் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடும் காட்சி ஒரு புகைப்படத்தில் இன்றும் காணக் கிடைக்கிறது. ஏகாதிபத்தியம் கோலோச்சிய காலத்தில், ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்படும் நாட்டவரின் பாதங்களைத் தம் கைகளில் ஏந்தியிருந்தார் என்பதை எண்ணும்போது, விளையாட்டுக் களத்துக்கென்று ஒரு தனித் தர்மம் உண்டு என்றே தோன்றுகிறது. அன்று செல்டிக் போட்ட ஏழு கோல்களுள் மூன்று சலீமின் சாமர்த்தியத்தால் விளைந்தவை. பெனால்டி அடிக்கும் வாய்ப்பை அவரிடம் நீட்டியபோது, கூச்சத்தினால் வேண்டாமென்று மறுத்துவிட்டார் என மறுநாள் பத்திரிகை எழுதிற்று.

ஆயினும், கழகம் அவரை நிறுத்திக்கொள்ள விரும்பியும், ஊர் நினைவு அவரை நிலைகொள்ள விடவில்லை. சில மாதங்களில் கல்கத்தாவுக்குத் திரும்பினார். பல்லாண்டுகளுக்குப் பின்னர் அவர் நோயுற்றிருந்த வேளையில், அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார் என்றும், கழகம் 100 பவுனுக்கு வரைவோலை அனுப்பியது என்றும், அந்தக் குடும்பம் அதைப் பணமாக்காமலே பொக்கிஷம்போல் காத்து வந்தது என்றும் கூறுவர். 1980-இல் சலீம் காலமானார்.

சலீமுக்குப் பின்னரும் நம் கால்கள் ஓய்ந்துவிடவில்லை. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 2-1 என்று தோற்றபோது, அந்த ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டவர் தமிழகத்தின் சைமன் சுந்தரராஜ். அதற்குப் பின் இந்நாள்வரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவுக்கு வேறொரு கோல் வாய்க்கவில்லை. ஐரோப்பாவின் கழகம் ஒன்றில் ஆடும் பாக்கியம் சிங்கப்பூர்த் தமிழர் வி. சுந்தரமூர்த்திக்கு 1988-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்தின் வாயிலாகக் கிட்டிற்று. முயற்சியும் திறமையும் தலைமுறைதோறும் இருந்தன. அவற்றை ஏந்தி நிற்கும் ஸ்தாபனமே இந்தியாவில் இல்லாதிருந்தது.

அதே கிளாஸ்கோ நகரத்துக்கு, சலீம் சென்று எண்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின், 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் மணிப்பூரின் பாலா தேவி சென்றார். செல்டிக்கின் பரம்பரைப் போட்டியாளரான ரேஞ்சர்ஸ் கழகத்தோடு 18 மாத ஒப்பந்தம் செய்துகொண்ட அவர், அவ்வாண்டு டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராகக் கோலும் போட்டார். உறவினரின் சொல் ஒன்றையே துணையாகக் கொண்டு சலீம் கப்பலேறினார். பாலா தேவிக்கோ சொந்த மாநிலத்தின் காவல்துறையில் வேலையும், கையில் எழுத்து மூலமான ஒப்பந்தமும் இருந்தன. இடைப்பட்ட காலத்தில் நாம் கற்ற பாடம் இதுவே.

விருத்தாசலத்துக்கு இச்செய்தி அயலானதன்று. எங்கள் கடலூர் மாவட்டத்தின் இந்துமதி கதிரேசன், தமிழகக் காவல்துறையில் பணி புரிந்துகொண்டே இந்திய அணிக்கு ஆடியவர். தமிழக மகளிர் அணி தேசியப் பட்டத்தை முதன்முறையாக வென்றது 2018-இல். மணிமுத்தாற்றங்கரையில் மாலை வேளையில் பந்து உதைக்கும் சிறுமி ஒருத்தியைக் காணும் பெரியோர், இருட்டிவிட்டதென்று அவளை வீட்டுக்கு விரட்டாமல், அவளுக்கு ஒரு ஜோடி பூட்ஸும், படிப்பும், நாளைக்கு ஒரு வேலையும் கிடைக்க வழி செய்வார்களாக. மண் நம்மிடம் இருக்கிறது. சூளை மூட்டுவது நம் கடமை.