கொதிக்கும் கல்லின் வரலாறு

1756இல் சுவீடன் நாட்டறிஞர் குரொன்ஸ்ரெட், சூடாக்குங்கால் ஆவியெழப் பொங்கிய கனிப்பொருளொன்றுக்குக் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும் சியோலைற்று என்னும் பெயரை இட்டார். 1850இல் ஆங்கில இரசாயன அறிஞர் ஜோன் தோமஸ் வே, உரத்தின் அமோனியாவை மண் பற்றிக்கொண்டு, அதற்கீடாகக் கல்சியத்தை நீரில் விடுவதை ஆராய்ந்து காட்டினார். சியோலைற்றும் அவ்வாறே தன்னகத்துள்ள சோடியத்தை விடுத்துச் சீசியத்தை ஏற்கும்.

உழவர்க்கெனத் தேடப்பட்ட இவ்வறிவே, 1979இல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவிலும் 2011இல் யப்பானின் புக்குசிமாவிலும் அணுவுலைகள் விபத்துற்றபின், கதிர்த்தொழிற்பாடுடைய நீரைத் தூய்மையாக்கக் கைகொடுத்தது.

ஆயினும், கல் நஞ்சைப் பற்றுமேயன்றி அழிக்கமாட்டாது. சீசியம் 137இன் செறிவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டுகள் செல்லும். நீரைத் தூய்மையாக்கும் பணி ஒரு தலைமுறையோடு முடியலாம். நஞ்சேறிய கல்லைக் காவல் செய்யும் கடனோ பின்வரும் தலைமுறைகளையும் சாரும்.