மைசலாம் காப்புறுதித் திட்டம்

மைசலாம் என்பது மலேசியாவின் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் கூட்டுக் காப்புறுதி) திட்டம். வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டினர், அதாவது பி40 பிரிவினர், சந்தா கட்டாமலேயே இதில் சேர்க்கப்பட்டனர்.

பின்னணி

ஏழைத் தொழிலாளரின் மருத்துவப் பொறுப்பு கைமாறியதற்குப் பினாங்கு ஓர் எடுத்துக்காட்டு. அம்மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் கரும்பு, ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவது, பிரிட்டிஷ் ஆட்சிக்காலச் சட்டப்படி தோட்ட முதலாளிகளின் கடமையாக இருந்தது. ‘டிரெஸ்ஸர்’ என்ற மருத்துவ உதவியாளரே பெரும்பாலும் அவர்களுக்கு வைத்தியர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தபின் அந்தப் பொறுப்பு அரசு மருத்துவமனைகளின் தோளில் விழுந்தது. அவற்றில் முதன்மையானது ஜார்ஜ் டவுன், ரெசிடென்சி சாலையில் உள்ள பினாங்கு மருத்துவமனை.

பயன்கள்

அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 வெள்ளி. எஞ்சிய செலவை வரிப்பணம் ஏற்கிறது. பதினான்கு நாள் படுத்திருந்தாலும் வார்டுக் கட்டணம் 42 வெள்ளிதான். நாள்கூலிக் குடும்பத்தை ஒடிப்பது இந்தக் கட்டணம் அல்ல. படுத்த நாளுக்குக் கூலி கிடையாது. செபராங் பிறையின் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்து துணைக்கு இருக்கும் மனைவியின் கூலியும் போகும். அவருடைய சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் கையிலிருந்து பணம் இறங்கும்.

மைசலாம் இந்த இழப்பை ஈடுகட்டவே வகுக்கப்பட்டது. அரசு மருத்துவமனையில் தங்கும் நாள் ஒன்றுக்கு 50 வெள்ளி, ஆண்டுக்கு 14 நாள்வரை, அதாவது 700 வெள்ளி என்று வரையறுக்கப்பட்டது. பட்டியலிடப்பட்ட 36 கடும் நோய்களில் ஒன்று உறுதியானால் ஒருமுறை 8,000 வெள்ளி என்றும் வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் 18 முதல் 55 வயதுவரை இருந்த வரம்பு 2020-இல் 65 ஆக உயர்ந்தது. நோய்களின் பட்டியலும் 45 ஆக நீண்டது. ஆண்டு வருமானம் 1 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத நடுத்தர வருமானத்தினருக்கும் பாதித் தொகையான 4,000 வெள்ளி அறிவிக்கப்பட்டது.

நிதி ஆதாரம்

காப்புறுதி நிறுவனங்களில் வெளிநாட்டுப் பங்கு 70 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது மலேசியாவின் கொள்கை. சிங்கப்பூரைத் தாயகமாகக் கொண்ட கிரேட் ஈஸ்டர்ன் காப்புறுதி நிறுவனம், 30 விழுக்காட்டுப் பங்கை உள்நாட்டவருக்கு விற்பதற்கு மாற்றாக, 200 கோடி வெள்ளியை மைசலாமுக்கான அறக்கட்டளை நிதியாக அளிக்க முன்வந்தது.

இந்த ஏற்பாட்டை வேறொன்றோடு ஒப்பிடலாம்: தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்கான பிரீமியத்தை மாநில அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலுத்தியது. மைசலாமுக்குக் கிடைத்ததோ ஒருமுறை முதல். நிர்வாகச் செலவையும் மருத்துவமனைப் படியையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், 200 கோடி வெள்ளி இரண்டரை லட்சம் பேருக்குத் தலா 8,000 வெள்ளி கொடுப்பதோடு தீர்ந்துவிடும்.

முக்கியத்துவம்

கட்டணத்தைக் குறைப்பது மட்டும் ஏழை நோயாளிக்குப் போதாது, இழந்த கூலிக்கும் ஈடு வேண்டும் என்பதை நாடு தழுவிய அளவில் ஏற்றுக்கொண்டதே இத்திட்டத்தின் சிறப்பு. அந்த ஈடு ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்க, வற்றாத வருவாய் தேவை. 2023 ஜூனில் நாடாளுமன்ற மக்களவை ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, சுகாதாரத்துக்கென்றே தனி நிதியம் ஒன்றை முன்மொழிந்தது. நோயாளியின் வைத்தியச் செலவோடு, அவர் படுத்திருக்கும் நாளில் வீட்டில் உலை வைக்கும் செலவையும் அந்த நிதியம் கணக்கில் சேர்க்க வேண்டும்.