இடைப்பட்ட படங்கள்: காளஹஸ்தித் துணியிலிருந்து கணினித் திரை வரை

திருப்பதிக்கு வடகிழக்கே சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள காளஹஸ்தி, 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தோடு இணைந்த ஊராகும். தமிழர் சிவனடியார் கண்ணப்பரின் திருக்காளத்தியாக அறிந்த இவ்வூரில், மூங்கில் எழுதுகோலால் துணியில் சாயப்படம் தீட்டும் கலம்காரித் தொழில் கோயிலை அண்டி வளர்ந்தது. இராமாயணம் போன்ற நெடுங்கதையை ஒரே துணியில் அடக்க வேண்டியிருந்ததால், ஓவியர் நடுவில் ஒரு பெரிய உருவத்தை நிறுத்தி, சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களை அமைத்து, அவற்றின் கீழே தெலுங்கில் விளக்கமும் எழுதினார். வில் முறிதல், பொன்மான் தோன்றுதல், சேது கட்டுதல் எனக் கதை திரும்பும் கணங்களே கட்டங்களாயின. இடையில் நடந்தவற்றைக் கதை சொல்பவரின் குரல் நிரப்பியது.

இக்காலப் படத்தொகுப்பு மென்பொருளில் கீஃப்ரேம் எனப்படுவதும் இத்தகைய தேர்வுதான். ஓர் உருவத்தின் இடம், அளவு, ஒளிபுகும் தன்மை ஆகியவற்றுள் ஒன்று குறிப்பிட்ட சட்டகத்தில் (ஃபிரேமில்) இன்ன மதிப்பில் இருக்க வேண்டும் என்று தொகுப்பாளர் இடும் குறியே கீஃப்ரேம். இரு குறிகளுக்கு இடைப்பட்ட சட்டகங்களின் மதிப்புகளைக் கணினி கணக்கிட்டுக்கொள்கிறது.

துல்லியத்தைப் பொறுத்தவரை காளஹஸ்தியின் சாயமுறை இன்னும் நெருங்கிய முன்னோடியாகும். கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் நனைத்து உலர்த்திய துணியில் புளியங்குச்சிக் கரியால் உருவம் குறிக்கப்படும். இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்துப் பெறும் கறுப்புச் சாயத்தால் அதன்மேல் கோடு இழுக்கப்படும். கறுப்புக் கோட்டைப் பின்னர் அழிக்க இயலாது. சிவப்பு வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசல் தடவப்பட்டு, துணி சாயநீரில் கொதிக்கவைக்கப்படும்போது அவ்விடங்களே சிவப்பைப் பற்றிக்கொள்கின்றன. தவறான இடத்தில் விழுந்த படிகாரத் துளி அப்போதைக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. கொதித்த பின்னரே கறையாகத் தலைகாட்டும். ஒரு சட்டகம் தள்ளி வைக்கப்பட்ட கீஃப்ரேமும் வைத்த கணத்தில் பிழையாகத் தோன்றாது. காட்சியை ஓடவிட்ட பின்னரே உறுத்தும். தலைமை ஓவியர் கோடுகளை வரைய, மற்றவர் நிறம் நிரப்பும் வேலைப் பிரிவினையும் இங்கே இருந்துவந்தது.

நலிந்திருந்த இத்தொழிலுக்கு 1957இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் பயிற்சி மையம் உயிரூட்டியது; இவ்வூர்க் கலம்காரி ஓவியர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார்.

காளத்தியின் கண்ணப்பர் கதை திரைக்கும் சென்றது. 1976இல் 'பக்த கண்ணப்பா'வை இயக்கிய பாபு அடிப்படையில் ஓவியர். படப்பிடிப்புக்கு முன்பே காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்துகொள்ளும் ஸ்டோரிபோர்டு முறைக்குப் பெயர் பெற்றவர். ஆயினும் ஸ்டோரிபோர்டு ஒரு ஷாட்டின் அமைப்பைச் சொல்லுமேயன்றி அதன் அசைவை அளந்து காட்டாது. அசைவை அளக்கும் பொறுப்பு கார்ட்டூன் படக்கூடங்களில் உருவாயிற்று. வினாடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஒரு நிமிடத்துக்கு 1440 சட்டகங்கள் தேவைப்பட்டதால், 1930களில் டிஸ்னி போன்ற நிறுவனங்களில் மூத்த ஓவியர் முக்கிய நிலைகளை வரைய, இளையோர் இடைப்படங்களை வரைந்தனர். அந்த இளையோரின் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்த முன்னோடிகள் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் இருவரும் ஆவர்; அவர்களது முறையைக் கொண்டு பீட்டர் ஃபோல்டெஸ் 1974இல் 'ஹங்கர்' என்ற குறும்படத்தை உருவாக்கினார்.

இளைய ஓவியருக்கு இருந்த பொதுப்புத்தி கணினிக்கு இல்லை என்பதிலிருந்தே இன்றைய சிக்கல்கள் தொடங்குகின்றன. வினாடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட இந்தியத் தொலைக்காட்சி முறையில், திருப்பதி பிரம்மோற்சவக் காணொளி ஒன்றின் தலைப்பு சரியாக இரண்டு வினாடிகளில் நடுத்திரையை அடைய வேண்டுமெனில், முதற்குறி 0ஆம் சட்டகத்திலும் இறுதிக்குறி 50ஆம் சட்டகத்திலும் இருக்க வேண்டும். இடைவெளிகளை எண்ணாமல் சட்டகங்களை எண்ணுவோர் 49இல் வைத்து ஒரு சட்டகம் முந்திவிடுகின்றனர். இதைவிட ஏமாற்றுவது வளைவு. இரு கீஃப்ரேம்களுக்கு ஒரே மதிப்பைக் கொடுத்தும் உருவம் இடையில் மெல்ல நகர்வதுண்டு; முன்னும் பின்னும் உள்ள அசைவுகளை வழவழப்பாக இணைக்க மென்பொருள் தானாகப் போட்ட வளைகோடே அதற்குக் காரணம். அங்கே வளைவை நேர்கோடாக்க வேண்டும், அல்லது அடுத்த குறி வரும் வரை மதிப்பை அசையாமல் வைத்திருக்கும் 'ஹோல்டு' வகைக்கு மாற்ற வேண்டும். நடுங்கும் எழுத்தை அடக்கக் கூடுதல் குறிகளை இட்டுக்கொண்டே போவது பரவலான பழக்கமாயினும் பயனற்றது. அசைவு தொடங்கும், திரும்பும், நிற்கும் சட்டகங்களில் உள்ள குறிகளைத் தவிர மற்றவற்றை நீக்குவதே சரியான முறை.