எழுத்து உண்டு, திறவுகோல் எங்கே?

சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த நகரென்று மதுரையைப் போற்றுவது நம் மரபு. 1901-ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் அங்கே நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அந்நகரின் பெயரைத் தாங்கி மற்றொரு முயற்சி எழுந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' அது. தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள் இணையத்தில் எவருக்கும் விலையின்றிக் கிடைக்கலாயின. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அத்தொகுப்பில் இடம்பெற்றது.

ஓலைக்குப் பகை செல்லும் தீயும். கணினிக் கோப்புக்கோ பகை வேறு. கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று காட்டுவது எழுத்துரு. 1990-களில் எழுத்துருவுக்கு எழுத்துரு இக்கணக்கு மாறியது. பாமினியில் கோத்த 'அம்மா' என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தோன்றும். கோப்பு அழியவில்லை, ஆயினும் படிக்க வழியில்லை.

இந்நிலை நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் சில இல்லங்களின் பெட்டிகளில் இன்றும் உள்ளன. பாட்டியார் ஓதி மகிழ்ந்த நூலைப் பேரன் விரித்துப் பார்க்கிறான். படிக்கத் தெரியாமல் மூடி வைக்கிறான்.

மதுரைத் திட்டத்தார் காலத்தே விழித்துக்கொண்டனர். இணைமதி எழுத்துருவில் தொடங்கிய நூல்களைத் திஸ்கி முறைக்கும், பின்னர் தமிழுக்கெனத் தனி எண்களை ஒதுக்கிய ஒருங்குறிக்கும் மாற்றினர். தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. ஆனால் பழைய எழுத்துருவின் எண்கணக்கு கையில் இருந்தால்தான் இவ்வாறு மாற்றமுடியும். மலர்களையும் நூல்களையும் பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் மென்பொருள் 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் அமைத்த கோப்பைத் திறக்க அம்மென்பொருளும், அது இயங்கும் பழைய கணினியும், அல்லது அக்கணினியைப் போலவே இயங்கும் செயலியும் பெரும்பாலும் தேவைப்படும். ஆகவே பழைய மென்பொருளைப் பேணுவது வீண்வேலை அன்று. பூட்டுக்குரிய திறவுகோலைப் பேணுவதாகும்.

நம் ஊர்களில் அக்காலத்தில் கணினியில் கோத்த விழா மலர்கள், குடும்ப வரலாறுகள், கவிதைத் தொகுப்புகள் எத்தனையோ! அவை அடங்கிய வட்டுகள் உங்கள் இல்லத்தில் இருந்தால் குப்பையென எறிந்துவிடாதீர்கள். மூலக் கோப்பை மாற்றாமல் படியெடுங்கள். எழுத்துருவையும் மென்பொருளையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். அவற்றின் பெயர்களைத் தாளில் குறித்து வையுங்கள். ஒருங்குறிக்கு மாற்றி, ஒரு படியை அச்சிட்டும் வையுங்கள். அரபுத்தமிழ் ஏட்டின் முன் பேரன் நின்ற நிலை நம் வட்டுகளுக்கும் வர வேண்டாம்.