பெயரில்லாத பதக்கங்கள், பெயருள்ள வீதிகள்

இரண்டாம் உலகப் போருக்காகப் பிரித்தானியாவும் கனடாவும் வழங்கிய நட்சத்திரப் பதக்கங்களில், பெற்றவரின் பெயர் பொறிக்கப்படவில்லை. முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் படை இலக்கமும் பெயரும் படைப்பிரிவும் இருந்தன. இரண்டாம் போரிலும் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தன. லண்டனும் ஒட்டாவாவும் விட்டுவிட்டன. அதனால் குடும்பத்தின் கைவிட்டுப் போன அத்தகைய பதக்கம் எவருடையதென்று அதைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. மாண்டவரின் கதை நிலைக்க வேண்டுமானால் அவர் பெயர் வேறெங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள அஜக்ஸ் நகரம் அதைத் தன் வீதிகளில் எழுதி வைத்தது.

1941இல் பிக்கரிங் பகுதியின் பண்ணை நிலங்களை அரசு எடுத்துக்கொண்டு எறிகணைகளில் வெடிமருந்து நிரப்பும் பெரும் தொழிற்சாலையை அமைத்தது. அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு அஜக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரை வைத்தார்கள். 1939 டிசம்பர் 13 அன்று, தென் அமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துக்கு அப்பால், கொமடோர் ஹென்றி ஹார்வுட் தலைமையில் அஜக்ஸ், எக்ஸிட்டர், அகிலீஸ் ஆகிய மூன்று கப்பல்கள் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே போர்க்கப்பலை எதிர்கொண்டன. அஜக்ஸிடம் இருந்தவை ஆறு அங்குலப் பீரங்கிகள். எதிரியிடம் பதினோரு அங்குலப் பீரங்கிகள். ஒரே குண்டு அஜக்ஸின் பின்பக்கப் பீரங்கி மேடைகள் இரண்டையும் முடக்கியது. அக்கப்பலில் ஏழு பேர் மாண்டனர். எக்ஸிட்டரில் அறுபத்தொரு பேர். நான்கு நாட்களுக்குப் பின் கிராஃப் ஸ்பே மொண்டிவிடியோவுக்கு வெளியே அதன் மாலுமிகளாலேயே தகர்க்கப்பட்டது. இன்று அஜக்ஸ் நகரின் முதன்மை வீதி ஹார்வுட் பெயரில் இருக்கிறது. ஆனால் தளபதியோடு நகரம் நின்றுவிடவில்லை. சாதாரண மாலுமிகளின் பெயர்களும் வீதிப் பலகைகளில் ஏறின. இந்தச் சிறப்பை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

கனடாவில் போரில் தம் அன்புக்குரியவரை இழந்தவர்களுக்கு 1919 முதல் வழங்கப்படும் வெள்ளிச் சிலுவையில் பெயர் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் அது ஒரு குடும்பத்தின் துயரம்; வீதிப் பலகை போல ஊரின் நடுவே நாள்தோறும் நிற்பதில்லை. வீதிப் பெயர் வெறும் முகவரி, யார் அந்த மனிதர் என்று எவர் கேட்கிறார் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் கிராஃப் ஸ்பேயின் தலைவர் லாங்ஸ்டோர்ஃப் பெயர் அஜக்ஸில் ஒரு வீதிக்கு இடப்பட்டதற்கு எதிர்ப்பு எழுந்தது. வெறும் முகவரிக்காக எவரும் சண்டையிடுவதில்லை. நம் முன்னோரும் இதை அறிந்திருந்தார்கள். தமிழகத்தின் செங்கம் நடுகற்கள் வீழ்ந்தவனின் பெயரையும் அவன் எந்தப் பூசலில் பட்டான் என்பதையும் சொல்கின்றன. அதே மண்ணில், முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசு ஊர்களில் பதித்த கல்வெட்டுகளோ, இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்ற எண்ணிக்கையோடு முடிந்துவிடுகின்றன. போனவர்கள் யார் என்று கேட்டால் அந்தக் கல்லில் பதில் இல்லை.

தொழிற்சாலையில் எறிகணை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிலத்தை இழந்த உழவர்களுக்கும் இந்நகரின் கதையில் பங்குண்டு. கடலில் போரிட்டவர்களுக்குக் கிடைத்த அளவு இடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்ற குறையை நான் ஏற்கிறேன். அதற்குத் தீர்வு இவர்களின் பெயர்களையும் சேர்ப்பதே. மாலுமிகளின் பெயர்களைக் குறைப்பதல்ல. அஜக்ஸில் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. உங்கள் வீதிக்குப் பெயர் தந்தவர் எந்தக் கப்பலில் இருந்தார், போரிலிருந்து திரும்பினாரா என்பதைத் தேடி அறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.