பிளேடு மேல ஒரு பூச்சு: "இது தெரிஞ்ச விஷயம்தானே?"

ஷேவ் பண்ணும்போது கன்னத்துல முதல்ல படுறது ஸ்டீல் இல்ல மக்களே, அது மேல இருக்குற டெஃப்லான் வகைப் பூச்சு. டெஃப்லானை டூபான்ட் கம்பெனியில 1938-லேயே கண்டுபிடிச்சாச்சு. அது வழுக்கும். பிளேடும் வழுக்கணும். ரெண்டையும் சேர்க்க என்ன பெரிய மூளை வேணும்?

1952-ல வந்த அமெரிக்க பேட்டன்ட் சட்டத்தோட 103-வது பிரிவு கேட்கறதும் இதுதான்: அந்தத் துறையில சாதாரணத் திறமை உள்ள ஒருத்தருக்கு, அந்தக் காலத்துல, இது தோணியிருக்குமா? தோணியிருக்கும்னா பேட்டன்ட் கிடையாது.

இதுல "அந்தக் காலத்துல"ங்கிறதுதான் கஷ்டம். ஒரு வாரமா தேடின பக்-கை ஒரே வரியில ஃபிக்ஸ் பண்ணுவோம். ரிவ்யூ பண்றவர் "இவ்வளவுதானா"ம்பார். விடை தெரிஞ்ச பிறகு எல்லாமே ஈஸிதான்.

1960-களோட தொடக்கத்துல பிரிட்டனோட வில்கின்சன் ஸ்வோர்ட், பூச்சு போட்ட ஸ்டெயின்லெஸ் பிளேடை இறக்கி ஜில்லெட்டை ஆட்டி வெச்சது. ஆனா பேட்டன்ட் வாங்கப் போனா, ஜில்லெட் ஏற்கெனவே அங்க துண்டு போட்டு வெச்சிருக்கு! சொந்தமா அப்படி ஒரு ஸ்டெயின்லெஸ் பிளேடை 1963 வரைக்கும் விற்காத ஜில்லெட்டுக்கு, வில்கின்சன் ராயல்டி கட்டுச்சு. பிளேடு ரொம்ப நாள் உழைச்சா அடுத்த பாக்கெட்டை யார் வாங்குவாங்கன்னு ஜில்லெட் யோசிச்சிருக்கும். இது என் ஊகம்.

அப்படியே 2013-க்கு வாங்க. இப்போ ஜில்லெட் எதிர்த்தரப்பு. வெற்றிட அறைக்குள்ள பிளாஸ்மாவை வெச்சு உலோகத்திலிருந்து அணுக்களைத் தட்டியெடுத்து, விளிம்புல பூச்சா படிய வைக்கிறதுக்கு ஸ்பட்டரிங்னு பேர். மின்பொறி வெடிக்காம, பலமான மின்துடிப்பால அடர்த்தியான பிளாஸ்மா உண்டாக்குற முறைக்கு ஸான்ட்ங்கிற நிறுவனம் பேட்டன்ட் வெச்சிருந்தது. அதை மீறிட்டீங்கன்னு ஜில்லெட் மேல கேஸ்.

ஜில்லெட்டோட பதில்: "இது தெரிஞ்ச விஷயம்தானே!" இன்டெல் மாதிரி சிப் கம்பெனிகளும் அதே பேட்டன்ட்களை எதிர்த்து பேட்டன்ட் அலுவலகத்தோட விசாரணை வாரியத்துக்குப் போனாங்க. 1983, 1995-ல வந்த ரெண்டு ரஷ்ய ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் படிச்சாலே போதும்னு வாதம். 1983 கருவியில காந்தமே இல்ல, அமைப்பே வேறன்னு ஸான்ட் மறுத்தது.

ஒரு கருவியைக் கழட்டி இன்னொண்ணுல அப்படியே மாட்ட முடியுமான்னு பார்க்க வேண்டியதில்ல. அந்த அறிவு கைக்கு எட்டியதா, சேர்த்துப் பார்க்கக் காரணம் இருந்ததான்னுதான் பார்க்கணும்னு வாரியம் சொல்லுச்சு. 2015-ல பேட்டன்ட்கள் விழுந்தன.

எனக்கு முதல்ல ஸான்ட் மேல பரிதாபம்தான். ஆனா ஒரு விஷயம் மனசை மாத்துச்சு: அந்த 1995 கட்டுரையே 1983 கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தது.