வேடர் பாட்டும் பிணி தீர்த்தலும்

ஆடிவேல் தேர் காலி வீதியிலே பவனி வருங்காலை, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து திரளும் அடியார்கள் வள்ளியம்மையையும் நினைந்து போற்றுவர். அவள் வேடர் குலத்தில் வளர்ந்தவள். அவ்வேடரின் பாட்டு எத்தகையது என்று வினவியவர்களோ கொழும்பு மாநகரில் மிகச் சிலரே.

கேட்டு எழுதிவைத்தவர்கள் பிறநாட்டார். 1907, 1908 ஆம் ஆண்டுகளில் செலிக்மன் என்னும் ஆங்கில மருத்துவரும் அவர் மனைவியார் பிரெண்டாவும் ஹெனெபெத்த, சீதல வன்னி முதலிய இடங்களுக்குச் சென்று, வேடர் பாட்டுக்களை மெழுகு உருளைகளிற் பதிந்தனர். அவ்வுருளைகள் இன்று லண்டன் நூலகத்தில் உள்ளன. அவற்றை ஆராய்ந்து, 1911 இல் வெளியான 'வேடர்' என்னும் அவர்களது நூலில் இசை பற்றிய அத்தியாயத்தை எழுதியவர் சார்ல்ஸ் மயர்ஸ். சில பாட்டுக்களில் இரண்டே சுரங்கள், சிலவற்றில் மூன்று. உலகின் மிக எளிய இசைகளுள் இதுவும் ஒன்றென அறிஞர் கொண்டனர். எளிமை என்பது சரி. வறுமை என்பது பொருந்தாது.

கிரிகொறஹச் சடங்கை நோக்குக. பாத்திரத்திலே தேங்காய்ப்பால் நிறைந்திருக்கும். அம்பு ஏந்திய கபுறாளை அதனைச் சுற்றி ஆடுவான். பாட்டு அதே சில சுரங்களிற் சுழன்று சுழன்று வரும். முன்னோர் ஆவி அவன்மேல் இறங்கி, வேட்டை வாய்க்கும், பிணி தீரும் என்று வாக்களிக்கும். உறவினர் சூழ்ந்திருக்க, இறந்த மூத்தோரே வந்து ஆறுதல் கூறக் கேட்கும் நோயாளி தனித்தவன் அல்லன். மருந்தின் பாதி அதுவன்றோ?

சங்க நூல் கற்றோர்க்கு இது புதிதன்று. மகளின் மெலிவு கண்ட தாய் வேலனை அழைத்து வெறியாடச் செய்தாள். (அது காதல் நோய் என்பதை அவள் அறியாள், அது வேறு கதை.)

சுரங்களின் இடைவெளியை அளந்த அதே மயர்ஸ், 1915 இல், போர்முனையிற் குண்டதிர்ச்சியால் மனங்கலங்கிய வீரர்களைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதிப் பெயர்பெற்றார். செலிக்மனும் அத்தகையோர்க்கு மருத்துவம் செய்தார். காட்டில் கபுறாளை செய்து வந்ததும் கலங்கிய மனத்திற்கு மருத்துவமே.

1983 இல் மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவாயிற்று. வேடர் பலர் ஹெனானிகலைக்குக் குடிபெயர்க்கப்பட்டனர், வேட்டையும் தடுக்கப்பட்டது. வேட்டை வேண்டிப் பாடுவோர்க்குக் காடு இல்லாதபோது பாட்டு எதனைப் பற்றி நிற்கும்? இக்குறையை வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவாவிலும் எடுத்துரைத்தார்.

வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ் பேசுபவர். அவர்களிடையேயும் பிணி தீர்க்கும் சடங்கு உண்டு. அதனை அறிய லண்டன் வரை போகவேண்டியதில்லை. கோட்டை நிலையத்தில் மட்டக்களப்பு வண்டி ஏறினாற் போதும்.